எண்ணிக்கையும் பெயரும்: பால்வினை நோய்ப் பரிசோதனை குறித்துச் சில சிந்தனைகள்

பால்வினை நோய்களுக்கான பரிசோதனையும், அதிலிருந்து அரசு திரட்டும் புள்ளிவிவரங்களும் இறையியல் ஏடு ஒன்றில் இடம்பெறத்தக்க பொருளா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மருத்துவத்திற்கு மருத்துவ ஏடுகள் உள்ளன. ஒழுக்கம் பற்றிய பிரசங்கங்களுக்கும் நம்மிடையே குறைவில்லை. ஆயினும் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வினா விடையின்றி நிற்கிறது. தமக்கு நோய் இருக்குமோ என்று ஐயுற்று ஆயரிடமோ மருத்துவரிடமோ வரும் ஒருவர் முதலாவதாகக் கேட்பது நோயைப் பற்றி அன்று, "இது யாருக்கெல்லாம் தெரியவரும்?" என்பதே. இவ்வினா அச்சத்தினால் எழுவது. ஆனால் பொருளற்ற வினா அன்று. பரிசோதனைக் கூடத்தில் ஒருவருடைய இரத்தம் ஒரு முடிவாகிறது. முடிவு ஒரு பதிவாகிறது. பதிவு ஓர் எண்ணிக்கையாகிறது. எந்தப் படிவரை அவருடைய பெயர் உடன் செல்கிறது, எந்தப் படியில் அது நீக்கப்படுகிறது என்பதை அறிந்தவரே அவ்வினாவுக்கு நேர்மையாக மறுமொழி கூற இயலும். ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

திருமறையை நோக்குவோமாயின், நோயைச் சோதித்து அறிவிக்கும் பணி ஆசாரியரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்ததைக் காண்கிறோம். லேவியராகமம் 13ஆம் அதிகாரம், தோலில் தோன்றும் அடையாளங்களை ஆசாரியன் எவ்வாறு பார்க்கவேண்டும், ஐயமிருப்பின் எத்தனை நாள் அடைத்துவைத்து மீண்டும் பார்க்கவேண்டும் என்று விரித்துரைக்கிறது. 15ஆம் அதிகாரம் பிரமியம் முதலிய உடற்கசிவுகளைப் பற்றியது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் இத்தகையோர் பாளயத்திற்குப் புறம்பே அனுப்பப்படுகின்றனர். இங்கே நாம் எளிதில் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. லேவியராகமம் 14இல், நோய் நீங்கியவனைப் பார்ப்பதற்கு ஆசாரியனே பாளயத்திற்கு வெளியே புறப்பட்டுச் செல்கிறான். வெளியேற்றும் அதிகாரம் யாருக்கு இருந்ததோ, அவனுக்கே திரும்பச் சேர்க்கும் கடமையும் இருந்தது. பிற்காலச் சமயத் தலைவர்கள் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டனர் என்று கூறின் மிகையாகாது.

எண்ணிக்கையைப் பற்றியும் திருமறை பேசாமல் இல்லை. 2 சாமுவேல் 24இல் தாவீது, யோவாபை அனுப்பி மக்களைத் தொகையிடுகிறான். ஒன்பது மாதமும் இருபது நாளும் அலைந்து திரட்டிய அக்கணக்கில் இடம்பெற்றோர் பட்டயம் உருவத்தக்க ஆண்கள் மட்டுமே. மக்களுக்காக அன்று, படைக்காக எடுக்கப்பட்ட கணக்கு அது. யாத்திராகமம் 30இலோ, தொகையிடப்படும் ஒவ்வொருவனும் செல்வனாயினும் ஏழையாயினும் அரைச்சேக்கலே செலுத்தவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆகவே தொகையிடுதல் தன்னளவிலேயே குற்றம் என்று திருமறை கூறவில்லை. எண்ணுவோர் யார், எண்ணப்படுவோர் யார், எதற்காக எண்ணுகின்றனர் என்பவையே அது எழுப்பும் வினாக்கள்.

பதிவேடும் பூட்டும்

இவ்வினாக்களின் கூர்மையை நம் நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணர்ந்தது. ஆங்கிலேயப் படைவீரரிடையே பரவிய மேகநோயைத் தடுக்கும் பொருட்டு 1868இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. விலைமகளிர் எனக் கருதப்பட்ட பெண்கள் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு காலமுறைப்படி மருத்துவச் சோதனைக்கு உட்படவேண்டும். நோய் காணப்பட்டால் 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட மருத்துவமனையில் அடைக்கப்படவேண்டும். அவர்களை நாடிச் சென்ற ஆண்களுக்கு இத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. விளைவு என்ன? கல்கத்தாவில் பெண்கள் பதிவேட்டிற்கு அஞ்சி மறைந்து வாழ்ந்தனர். நகரை விட்டு வெளியேறியோரும் உண்டு. நோய் அவர்களுடன் சென்றது. பதிவேட்டில் எஞ்சியதோ குறைபட்ட கணக்கு.

இங்கிலாந்தில் இதே வகைச் சட்டத்தை எதிர்த்து ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் போராடிய ஜோசபின் பட்லர், ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மனைவி என்பது நம் வாசகர் அறியத்தக்கது. கண்ணியமான பெண் வாய்திறந்து பேசலாகாத பொருள் என்று அக்காலத்துச் சமூகம் அவரைத் தூற்றியது. அவர் நோயைத் தடுப்பதை எதிர்க்கவில்லை. ஒருசாராரின் உடலைச் சோதித்து, அவர்களையே குற்றவாளிகளாக்கி, மறுசாராரின் நலத்தைக் காப்பதையே எதிர்த்தார். ஆங்கிலச் சட்டம் 1886இலும் இந்தியச் சட்டம் 1888இலும் நீக்கப்பட்டன.

சட்டம் நீங்கியது, மனப்போக்கு நீங்கவில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், மாணவியாயிருந்த மருத்துவர் செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றுள் பல, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து பெறப்பட்டவை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தென்பட்டது, அமெரிக்காவில் மறுசோதனை செய்து அது உறுதிப்படுத்தப்பட்டது. இந்தியாவில் இத்தொற்று இருக்கிறது என்பதற்கு முதற்சான்று இதுவே. இப்பணியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. போதிய ஆய்வுக்கூட வசதியின்றி, இரத்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்துவைத்து உழைத்தவர் அம்மாணவி. அவ்வுழைப்பு இல்லாதிருந்தால் நாடு இன்னும் சில ஆண்டுகள் உறங்கியிருக்கும். எனினும் எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இதனை அவரே பிற்காலத்தில் செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். மறுக்க இயலாதவர்களே முதலில் எண்ணப்பட்டார்கள். எண்ணப்பட்ட காரணத்தால் நோயும் அவர்களுடையதென்றே பெயர் பெற்றது. தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் சிலர் விடுவிக்கப்படாமல் காப்பகத்திலேயே வைக்கப்பட்டிருந்தனர். பொதுநல வழக்கு ஒன்றின் பேரில் 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

கோவாவில் நிகழ்ந்தது இதனினும் வெளிப்படையானது. டொமினிக் டிசூசா என்னும் இளைஞர் பிறருக்கு உதவும் எண்ணத்துடன் இரத்ததானம் செய்து வந்தவர். 1989இல் அவ்வாறு அவர் அளித்த இரத்தத்தில் தொற்று காணப்பட்டது. மருத்துவர் வந்து அவருக்கு அதனைச் சொல்லவில்லை. காவலர் வந்து அழைத்துச் சென்றனர். அம்மாநிலத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி அவர் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் தனியே அடைக்கப்பட்டிருந்தார். கொடையாளியின் பெயர் ஆய்வுக்கூடத்திலிருந்து காவல் நிலையத்திற்குச் சென்றது என்ற செய்தி பரவிய பின், எவர்தாம் தாமாகப் பரிசோதனைக்கு வருவர்?

பெயரை நீக்கி எண்ணுதல்

இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான் பெயரை முற்றிலும் நீக்கி எண்ணும் முறையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் தோன்றியது. 1998 முதல் நாடெங்கும் 176 இடங்களில், குறித்த காலத்தில், ஒரே முறையில் கணக்கெடுக்கும் கண்காணிப்பு தொடங்கியது. தாய்மை நல மருத்துவமனைகளில் இது நடைபெற்ற விதத்தை விளக்குவோம். கருவுற்ற பெண் ஒருவர் முதன்முறை வரும்போது மேகநோய் உண்டா என்று அறிய வி.டி.ஆர்.எல். போன்ற சோதனைக்காக இரத்தம் எடுக்கப்படுவது வழக்கம். கண்காணிப்புக் காலத்தில் அடுத்தடுத்து வரும் 400 பெண்களின் இரத்தத்தில் அச்சோதனைக்குப் பின் எஞ்சிய பகுதி வேறு குழாய்க்கு மாற்றப்படும். பெயரும் முகவரியும் நீக்கப்படும். வயது, கல்வி, வசிப்பிடம், கணவரின் தொழில் முதலிய சில குறிப்புகள் மட்டும் ஓர் எண்ணுடன் இருக்கும். பின்னரே எச்.ஐ.வி. சோதனை நடைபெறும். முடிவு எதுவாயினும், இன்னாருடையது என்று எவராலும் பின்னோக்கிச் சென்று கண்டறிய இயலாது.

இதன் நன்மை தெளிவு. பெயரே இல்லாதபோது கசிவதற்கு ஒன்றுமில்லை. அஞ்சி விலகுவோர் இல்லையாதலால் கணக்கும் ஓரளவு உண்மையோடு ஒத்திருக்கும். ஆனால் இதற்குள்ளேயே ஒரு முள் இருக்கிறது. அந்த 400 பேரில் ஒருவருக்குத் தொற்று உண்டென்று ஆய்வுக்கூடம் அறிகிறது, அப்பெண் அறியாள், அவளிடம் சொல்லவும் வழியில்லை. மருந்தே இல்லாத நாட்களில் இதனை ஒருவாறு பொறுத்துக்கொள்ள முடிந்தது. கருவுற்ற தாய்க்கு மருந்தளித்தால் சேய்க்குத் தொற்று பரவுவது ஏறத்தாழ நூற்றுக்கு 25இலிருந்து 8ஆகக் குறையும் என்று 1994இல் நிறுவப்பட்டபோது நிலைமை மாறியது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் இரத்தத்துளியைப் பெயரின்றிச் சோதித்துவந்த கணக்கெடுப்பு 1995இல் நிறுத்தப்பட்டது. குழந்தைக்கு ஆபத்து என்று அறிந்தும் தாய்க்கு அறிவியாத கணக்கை மக்கள் ஏற்கவில்லை. நம் நாட்டில் கருவுற்ற பெண்களுக்குத் தனியே, அவர்கள் இசைவுடன், பெயர் அறிந்த பரிசோதனையும் சிகிச்சையும் வழங்கப்பட்டமையால் இரண்டும் சிலகாலம் இணையாக நடந்தன. இத்தகைய வழக்கமான பரிசோதனைகளின் பதிவுகளிலிருந்தே கணக்கைப் பெறும் முறையை 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்தளித்தது.

மேகநோயைப் பொறுத்தவரை இம்முள் இன்னும் கூரியது. தொடக்க நிலையிலுள்ள மேகநோய்க்கு 24 லட்சம் அலகு பென்சதீன் பென்சிலின் ஒருமுறை ஊசியாகச் செலுத்துவதே சிகிச்சை. உரிய காலத்தில் செலுத்தின் கருவிலுள்ள சேயும் காக்கப்படும். இங்கே பெயரற்ற கணக்கு என்பது ஒரு குழந்தையைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். ஆகவே எண்ணிக்கைக்குப் பெயர் வேண்டாம். சிகிச்சைக்குப் பெயர் வேண்டும். இரண்டும் மெய். இவ்விரண்டிற்கும் இடையே உறுதியான சுவர் ஒன்றை எழுப்புவதே பொதுச் சுகாதாரத் துறையின் கடமை.

கணக்கு யாரிடமிருந்து பெறப்படுகிறது என்பதும் கவனத்திற்குரியது. 2006ஆம் ஆண்டளவில் இந்தியாவில் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டென்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2007 ஜூலையில் அது ஏறத்தாழ 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. பாதிப்பேர் குணமடைந்துவிடவில்லை. கண்காணிப்பு நிலையங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் இருந்தன. அங்கு வருவோரில் ஏழைகளும், நோயின் ஐயத்தால் பிற இடங்களிலிருந்து அனுப்பப்பட்டோரும் மிகுதி. 2005-06இல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வீடுவீடாகச் சென்று 1 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை அவர்கள் இசைவுடன் சோதித்தபோது மெய்நிலை புலப்பட்டது. ஏழைகள் எங்கே இருந்தனரோ அங்கே எண்ணிவிட்டு அதனை நாட்டின் கணக்கென்று கொண்டோம். நம் மேடைகளிலும் அந்தப் பழைய எண்கள் எத்துணை அச்சுறுத்தலோடு முழங்கின! 2023ஆம் ஆண்டின் மதிப்பீடும் 25 லட்சத்தையொட்டியே இருக்கிறது. ஆயின் பொருள் வேறு. புதிய தொற்றுகள் பெரிதும் குறைந்துள்ளன. மருந்தினால் மக்கள் நெடுநாள் வாழ்கின்றனர். வாழ்வோர் தொகை நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

நம்பிக்கை மையத்தில் நடைபெறுவது

தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்னும் பெயர்ப்பலகையை வாசகர் கண்டிருக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. முதலில் ஆலோசகர் ஒருவர் தனியே அமர்ந்து பேசுவார். இது எதற்கான பரிசோதனை, முடிவு எவ்வாறு அமையக்கூடும் என்பவற்றை விளக்கி இசைவு பெறுவார். வந்தவருக்கு ஓர் அடையாள எண் வழங்கப்படும்; ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாய் அவ்வெண்ணாலேயே அறியப்படும். முதற்சோதனையில் தொற்று தென்படின், வேறுபட்ட இரு சோதனைகளாலும் அது உறுதி செய்யப்பட்ட பின்னரே முடிவு கூறப்படும். பெயர் எழுதிய பதிவேடு பூட்டிய அலமாரியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. மாதந்தோறும் திரட்டப்படும் அறிக்கையில் இடம்பெறுவன தொகைகள்: இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை பேருக்குத் தொற்று. பிற பால்வினை நோய்களுக்குச் 'சுகவாழ்வு மையம்' என்னும் பிரிவு உண்டு. தொற்று உறுதியானவருக்கு உடனே கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது 2017 முதல் நாட்டின் கொள்கையாகும்.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 5ஆம் பிரிவின்படி, ஒருவருடைய விவரமறிந்த இசைவின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்தல் ஆகாது. 6ஆம் பிரிவு, பெயரற்ற கண்காணிப்புக் கணக்கெடுப்புக்குத் தனித்தனி இசைவு வேண்டுவதில்லை என்று விலக்களிக்கிறது. ஆனால் அக்கணக்கெடுப்பின் நோக்கம் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. 1986இல் காப்பகத்துப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட அச்சொல் முப்பதாண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம்பெற்றது. 11ஆம் பிரிவு, இத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளைச் செய்தாகவேண்டும் என்கிறது.

நம்மைப் பொறுத்தவரை முதன்மையானது 8ஆம் பிரிவு. நம்பிக்கையின் பேரில் கூறப்பட்ட, அல்லது நம்பிக்கைப் பொறுப்பு அமைந்த உறவில் தெரியவந்த, மற்றொருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி எவரும் வெளியிடலாகாது. அவ்வுறவில் தெரியவந்ததாயின் இசைவு எழுத்தில் இருத்தல் வேண்டும். 'எவரும்' என்னும் சொல் மருத்துவரை மட்டும் குறிப்பதன்று. ஆயர், மூப்பர், வேதாகமப் பெண் அனைவரும் அதனுள் அடங்குவர். துணைவருக்கு ஆபத்து உண்டெனின் அவருக்கு அறிவிக்கும் அதிகாரத்தைக்கூட 9ஆம் பிரிவு மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே, அதுவும் பல நிபந்தனைகளுடன், வழங்குகிறது. அறிவிப்பதால் ஒரு பெண் தாக்கப்படுவாள் அல்லது கைவிடப்படுவாள் என்ற அச்சத்திற்கு இடமிருப்பின் அறிவிக்கலாகாது என்றும் அது தடுக்கிறது. ஆயருக்கு இவ்வதிகாரம் அளிக்கப்படவில்லை.

சபையில் இரகசியம்

அரசின் பதிவேடுகள் கசிவதைப் பற்றி நாம் எளிதில் குறைகூறலாம். நம் சபைகளில் இரகசியம் எவ்வழியே வெளியேறுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். பழிதூற்றும் வாயால் மட்டும் அன்று. அன்பின் மொழியாலேயே அது பெரிதும் நிகழ்கிறது. "நம் சகோதரர் இன்னாருக்காக ஊக்கமாக மன்றாடுங்கள், நோயின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை" என்று ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் கூறிய மாத்திரத்தில், கூடியிருந்தோர் அனைவரும் நோயின் பெயரை அறிந்துவிடுகின்றனர். மாவட்ட மருத்துவமனையின் பூட்டிய அலமாரி காத்த செய்தியை ஒரு ஜெப விண்ணப்பம் வெளியிட்டுவிடுகிறது.

இதற்குச் சிலர் மாற்கு 5ஆம் அதிகாரத்தைச் சான்று காட்டுவதுண்டு. பெரும்பாடுள்ள பெண் மறைவாக வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். ஆண்டவரோ கூட்டத்தின் நடுவே, தொட்டது யார் என்று கேட்டு, அவள் எல்லாவற்றையும் சொல்லும்படி செய்தாரே என்பர். இக்கருத்து பாடத்தை ஊன்றி நோக்காததால் எழுவது. அவள் குணமடைந்த பின்னரே அவ்வினா எழுகிறது. உண்மையைச் சொன்னவள் அவளே. இயேசு அவளுடைய நோயைப் பெயரிட்டுக் கூறவில்லை. சொன்னவளை அவர் மகள் என்றழைத்துச் சமாதானத்தோடே அனுப்புகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் விலக்கப்பட்டிருந்தவளைச் சமூகத்தில் திரும்பச் சேர்ப்பதற்காகப் பேசச்செய்வது வேறு; சமூகம் விலக்கிவைக்கும்படி அவளைப் பற்றிப் பேசுவது வேறு. லேவியராகமம் 14இல் பாளயத்திற்கு வெளியே சென்ற ஆசாரியனின் பணியே இங்கு நிறைவேறக் காண்கிறோம்.

திருமணத்திற்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று கேட்கும் வழக்கம் குறித்தும் இரண்டொரு சொற்கள். மணமக்களைக் காப்பதே இதன் நோக்கம் என்பதை நாம் ஐயுறவில்லை. 1998இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், தொற்றுள்ளவரின் மண உரிமை தடைபட்டிருக்கிறது என்று கூறியது. 2002இல் அக்கருத்தைத் தானே விலக்கிக்கொண்டது. நடைமுறையில் இச்சான்றின் மதிப்பு சிறிது. தொற்று ஏற்பட்ட பின் ஏறத்தாழ மூன்று மாதம்வரை பரிசோதனையில் அது தென்படாமலிருக்கக்கூடும். மேகநோயையோ வெட்டையையோ அது காட்டுவதும் இல்லை. அதன் கேடோ பெரிது. திருமண ஓலை வாசிக்கப்பட்டுவந்த ஓர் இணையின் திருமணம் திடீரென நின்றால், காரணம் எதுவாயினும், சான்று கேட்கும் சபையில் ஒரே காரணம்தான் பேசப்படும். இருவரும் இசைந்து, ஒன்றாக நம்பிக்கை மையத்திற்குச் சென்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்படி திருமண ஆயத்த ஆலோசனையின்போது ஊக்குவித்தலே தக்கது. ஆயர் உடன் செல்ல விரும்பினால் செல்லலாம். முடிவுத்தாள் பரிசோதிக்கப்பட்டவர் கையிலேயே தரப்படும்; வாயிலில் காத்திருக்கும் ஆயர் அதனைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.